சைலன்ஸர் வழியே போகும் சம்பளம்

சங்கரன்கோவிலில் சத்தத்துக்கு எந்தக் காலத்திலும் பஞ்சம் இருந்ததில்லை. விசைத்தறி ஓடும் தெருக்களில் 'டடக் டடக்' நின்றால்தான் தொட்டில் குழந்தை விழித்துக்கொள்ளும். ஆடித் தபசு வந்தால் மேளம், வேட்டு, மைக் செட். பஸ் ஸ்டாண்டில் திருநெல்வேலி வண்டியும் ராஜபாளையம் வண்டியும் ஏர்ஹாரனிலேயே குசலம் விசாரித்துக்கொள்ளும். இந்தக் கச்சேரியில் சமீப காலமாகப் புதிதாக ஒரு வித்வான் சேர்ந்திருக்கிறார். டி.என். 79 நம்பர் போட்ட சின்னக் கார். அளவு தீப்பெட்டி, சத்தம் திருவிழா. கிட்டே வரும்போது லாரி என்று நினைத்து ஒதுங்குகிறோம். பார்த்தால் உள்ளே ஒரே ஒரு ஆசாமி, கூலிங்கிளாஸுடன்.

அந்த வித்வான் பட்டியலில் சேரத் துடிக்கும் தம்பி ஒருவர் என்னிடம் யோசனை கேட்டார். பெயர் வேண்டாம், அவர் அப்பாவும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார். ஆபீஸ் உத்தியோகம். ஒரு லிட்டர் டர்போ இன்ஜின் வைத்த கார். தவணை இன்னும் மூன்று வருஷம் பாக்கி. கையில் போனஸும் சேமிப்புமாக ஐம்பதாயிரம்.

"அண்ணாச்சி, சைலன்ஸரை மட்டும் மாத்துனாலே வண்டி பிச்சிக்கிட்டுப் போகும்னு ஒருத்தன் சொல்லுதான். இன்னொருத்தன், கம்ப்யூட்டரையும் சேத்து ட்யூன் பண்ணாட்டி காசு தண்டம்ங்கான். நீங்க என்ன சொல்லுதிய?"

சுருக்கமான பதில் இது. சைலன்ஸரை மட்டும் மாற்றினால் காதுக்குக் கிடைக்கும், காலுக்குக் கிடைக்காது. ட்யூன் பண்ணினால் காலுக்குக் கிடைக்கும். அதற்கு முதல் கட்டத்தில் சைலன்ஸரைத் தொடவே வேண்டாம். ஐம்பதாயிரம் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் நீளமான பதிலும் சொல்லிவிடுகிறேன்.

'குழாயை மாத்து, வேகம் கூடும்' என்ற நம்பிக்கை நம் பையன்களுக்கு எங்கிருந்து வந்தது? யமஹா ஆர்.எக்ஸ். 100! 1985 முதல் 1996 வரை தயாரான அந்த 98 ஸி.ஸி. வண்டியை ஓட்டியவர்கள் இன்று ரிட்டயர்மென்ட்டை எட்டிக்கொண்டிருக்கிறார்கள். 'அந்தக் காலத்துல...' என்று ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை. அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அது டூ-ஸ்ட்ரோக் இன்ஜின். அதில் புகை வெளியேறும் வாசலுக்கு வால்வு கிடையாது. உள்ளே வரும் புதுப் பெட்ரோல் கலவையில் கொஞ்சம், எரிந்த புகையோடு சேர்ந்து வெளியே ஓடப் பார்க்கும். குழாயைச் சரியான நீளத்தில், நடுவில் வீங்கி, முனையில் குறுகும்படி செய்தால், உள்ளே ஓடும் அழுத்த அலை திரும்பி வந்து, ஓடப் பார்த்த கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளிவிடும். டூ-ஸ்ட்ரோக்கில் சைலன்ஸர் இன்ஜினின் ஒரு உறுப்பு.

இந்த ரகசியத்துக்காக ஒரு உளவாளிக் கதையே நடந்தது. 1950களில் கிழக்கு ஜெர்மனியில் எம்.ஸெட். கம்பெனியின் வால்டர் காடன் என்ற இன்ஜினீயர்தான் இந்த அலைக் கணக்கைப் பந்தய வண்டிகளில் பிழிந்து எடுத்தவர். அவருடைய வண்டியை ஓட்டிய எர்ன்ஸ்ட் டெக்னர், 1961இல் ஸ்வீடனில் பந்தயத்துக்குப் போன இடத்திலிருந்து அப்படியே மேற்கு ஜெர்மனிக்கு நழுவினார். மனைவி மக்களும் ரகசியமாக எல்லை தாண்டினார்கள். அவர் தலைக்குள் இருந்த விவரங்கள் ஜப்பானில் சுஸுகிக்குப் போய்ச் சேர்ந்தன. மறு வருஷமே, 1962இல், 50 ஸி.ஸி. உலகப் பட்டம் சுஸுகிக்கு. ஓட்டியவர் அதே டெக்னர்!

ஆக, குழாயில் மந்திரம் உண்டு என்பது டூ-ஸ்ட்ரோக்கைப் பொறுத்தவரை சரி. (அதிலும், உள்ளே இருக்கும் பேஃபிளை உருவி எறிந்துவிட்டுத் தெருவைக் கலக்கியவர்களுக்குக் கிடைத்தது சத்தம் மட்டும்தான்.) அந்த ஞானத்தை அப்படியே தூக்கிவந்து ஃபோர் ஸ்ட்ரோக் டர்போ காரில் ஒட்டவைப்பதில்தான் தகராறு. ஆட்டுக்கல்லுக்குத் தெரிந்த வித்தை மிக்ஸிக்குப் பொருந்தாது.

டர்போ என்பது என்ன? லத்தீனில் அந்தச் சொல்லுக்குப் பம்பரம் என்றும் ஒரு பொருள். நம் பையன்கள் கயிறு சுற்றி விடுவது போல, வெளியே போகும் புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றிவிடும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக் காற்றை இழுத்து அழுத்தி இன்ஜினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் பெட்ரோலும் கூட எரியும். சின்ன இன்ஜின் பெரிய இன்ஜின் போல இழுக்கும். வீணாகப் போகும் புகையில் வேலை வாங்கும் இந்த யோசனைக்கு ஸ்விட்சர்லாந்துக்காரர் ஆல்ஃப்ரெட் பூஷி 1905இல் காப்புரிமை வாங்கினார். இன்றைய சின்னக் கார்களில் இந்தப் பம்பரம் நிமிஷத்துக்கு இரண்டு லட்சம் சுற்று வரை போகும். மேலே படுகிற புகையின் சூடு 900 டிகிரியைத் தாண்டும்.

இப்போது கவனியுங்கள். புகை இன்ஜினை விட்டு வெளியே வந்ததும் முதலில் முட்டுவது இந்தச் சக்கரத்தில். பெரிய அடைப்பே அதுதான். அடுத்து, டர்போவை ஒட்டிய முன்குழாயும் அதில் உட்கார்ந்திருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும். அதையும் கடந்து, காருக்கு அடியில் நீளமாகப் போகும் குழாய். கடைசியில், பம்பருக்குக் கீழே, நம் தம்பி மாற்ற ஆசைப்படும் டப்பா. வீட்டு வாசலில் மாட்டைக் கட்டி வழியை மறைத்துவிட்டுத் தெருமுனையில் ரோட்டை அகலப்படுத்துவது போல!

சரி, முன்குழாயையே பெரிதாக்கிவிட்டால்? அங்கேதான் கம்ப்யூட்டர் குறுக்கே வருகிறது. ஈ.ஸி.யூ. என்று இன்ஜின் பக்கத்தில் ஒரு டப்பா. ஆடித் தபசுக் கூட்டத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, 'இந்தத் தடவை இத்தனை பேர்தான்' என்று உள்ளே விடும் போலீஸ்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். வெளிவாசலை எவ்வளவு அகலமாக இடித்தாலும் அவர் உள்ளே விடும் கணக்கு மாறாது. நீங்கள் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் ஈ.ஸி.யூ., 'இந்த மிதிக்கு இவ்வளவு இழுவை, அதற்கு இவ்வளவு காற்றழுத்தம்' என்று ஒரு அட்டவணையைப் பார்க்கிறது. அந்த அழுத்தம் வந்துவிட்டால், வேஸ்ட்கேட் என்ற குட்டிக் கதவைத் திறந்து, மிச்சப் புகையைச் சக்கரத்தில் படாமல் பக்கவாட்டில் அனுப்பிவிடுகிறது. குழாய் லேசானால் பம்பரம் கொஞ்சம் முன்னதாகச் சுற்ற ஆரம்பிக்கும். இன்ஜின் புகையைத் தள்ளும் சிரமம் துளி குறையும். அந்த அளவில் ஒரு சுறுசுறுப்பு தெரியலாம். உச்ச பலம்? அட்டவணையில் எழுதியது எதுவோ அதுதான். சில கார்களில் குழாய் ரொம்ப லேசாகிவிட்டால் அந்தக் குட்டிக் கதவால் சமாளிக்க முடியாமல் அழுத்தம் எல்லை மீறும். போலீஸ்காரர் விசில் ஊதிவிடுவார். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிய, வண்டி கட்டை வண்டி வேகத்தில் வீடு வந்து சேரும்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், கார் கம்பெனிகள் செய்ததைப் பாருங்கள். சின்ன டர்போ கார் விஷயத்தில் நம் தமிழ்நாடு ஒரு பெரிய பட்டறை. ஒரு லிட்டர் டர்போ வைத்த ஃபோர்டு ஈகோஸ்போர்ட் 2013இல் மறைமலைநகரிலிருந்து வந்தது. நிஸான் மேக்னைட் 2020இல் ஒரகடத்திலிருந்து வந்தது. 2021இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் ஐ-20 என் லைன் வந்தது. சாதாரண ஐ-20 டர்போவில் இருந்த அதே ஒரு லிட்டர் இன்ஜின். ஸஸ்பென்ஷனை இறுக்கினார்கள், பின்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் கொடுத்தார்கள். எக்ஸாஸ்டை மாற்றி, பின்னால் இரட்டை முனை வைத்து, குரலைக் கொஞ்சம் கட்டையாக்கினார்கள். பலம்? சாதாரண ஐ-20 டர்போவுக்கு 120 குதிரை, 172 நியூட்டன் மீட்டர். என் லைனுக்கும் 120 குதிரை, 172 நியூட்டன் மீட்டர். ஒரு ஆட்டுக்குட்டி கூட அதிகமில்லை! ட்யூனைத் தொடாமல் குழாயை மாற்றினால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? விளம்பரத்தில் ஐந்து குதிரை கூட்டிப் போட முடிந்திருந்தால் எந்தக் கம்பெனியாவது போடாமல் இருக்குமா?

மறுபக்கமும் உண்டு. 2017இல் மாருதி பலேனோ ஆர்.எஸ். வந்தது. ஒரு லிட்டர் பூஸ்டர்ஜெட் இன்ஜின். இங்கே 102 குதிரை, 150 நியூட்டன் மீட்டர். ஐரோப்பாவில் விற்ற பலேனோவில் அதே இன்ஜினுக்கு 111 குதிரை, 170 நியூட்டன் மீட்டர். கடல் தாண்டினால் இன்ஜினுக்குப் புஜபலம் கூடிவிடுமா என்ன? நம் ஊர்ப் பெட்ரோலுக்கும் வெயிலுக்கும் பயந்து அட்டவணையை அடக்கி எழுதியிருந்தார்கள். அடக்கி எழுதியதைக் கொஞ்சம் அவிழ்த்து எழுதுவதுதான் ட்யூனிங். 'ரீமேப்' என்பார்கள். லேப்டாப்பைச் சொருகி, அழுத்தம், பெட்ரோல், தீப்பொறி வைக்கும் நேரம் மூன்றையும் மாற்றி எழுதுவது. நூறு குதிரையை நூற்றிருபதுக்குப் பக்கமாகக் கொண்டுபோகலாம் என்று ட்யூனர்கள் சொல்வது டர்போ காரில் பெரும்பாலும் பொய்யில்லை. 'ஸ்டேஜ் ஒன்' என்று அவர்கள் சொல்லும் முதல் கட்டத்துக்குக் கம்பெனி சைலன்ஸரே போதும்.

ஆனால் முழுசாகச் செய்வதென்றால் என்ன ஆகும் என்பதைக் கோயம்புத்தூர்க்காரர்கள் காட்டினார்கள். பந்தய வீரர் ஜே. ஆனந்தின் ஜேயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடாவும் சேர்ந்து 2018 அக்டோபரில் டியாகோ ஜே.டி.பி. என்ற காரைக் கொண்டுவந்தார்கள். சாதாரண டியாகோ பெட்ரோலுக்கு டர்போ கிடையாது, 85 குதிரை. இதில் 1.2 லிட்டர் டர்போ, 114 குதிரை. நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்ட 9.95 விநாடி. விலை ஆறரை லட்சத்துக்குள். இத்தனைக்கும் அவர்கள் குழாயை மட்டும் மாற்றவில்லை. கியர் விகிதம், ஸ்ப்ரிங், டயர் எல்லாவற்றிலும் கை வைத்தார்கள். இன்னொரு வேடிக்கை: அதே குடும்பத்து இன்ஜின் வைத்த நெக்ஸானுக்கு 110 குதிரை, 170 நியூட்டன் மீட்டர். ஜே.டி.பி.க்குக் குதிரை நான்கு கூடுதல், இழுவையோ 150தான். எங்கே கூட்டுவது, எங்கே குறைப்பது என்பது ட்யூன் எழுதுகிறவர் கையில். 2020இல் பி.எஸ்-6 விதி வந்ததோடு அந்தக் கார் நின்றுபோனது. வைத்திருப்பவர்கள் லேசில் விற்பதில்லை.

'அப்ப ட்யூனே பண்ணிரலாம்லா?' என்று தம்பி துள்ளக் கூடாது. அடக்கி எழுதியவர்கள் முட்டாள்கள் இல்லை. அழுத்தம் கூடினால் சிலிண்டருக்குள் பெட்ரோல், தீப்பொறியிலிருந்து பரவிவரும் தீக்குக் காத்திராமல் தானே வெடிக்கப் பார்க்கும். பழைய டிரைவர்கள் 'நாக்கிங்' என்பார்களே, அதுதான். சின்ன டர்போ இன்ஜினில் இதற்கு ஒரு முரட்டு அண்ணன் உண்டு. குறைந்த சுற்றில், பெரிய கியரில் போட்டு மிதிக்கும்போது, பொறிக்கு வெகு முன்னாலேயே நடக்கும் வெடிப்பு. பிஸ்டனையே உடைக்கும். ஐந்தாவது கியரில் நாற்பதில் உருட்டிக்கொண்டு வந்து திடீரென்று மிதிக்கும் பழக்கமுள்ளவர்கள் ட்யூன் பக்கம் போகாமல் இருப்பது இன்ஜினுக்கு நல்லது.

இழுவை கூடினால் அந்தச் சுமை கிளட்ச் தலையில் விழும். வோக்ஸ்வாகன் போலோ ஜி.டி.யில் வந்த ஏழு கியர் ஆட்டோமேட்டிக்குக் கம்பெனி சொன்ன உச்ச வரம்பு 250 நியூட்டன் மீட்டர். இன்ஜின் கொடுத்தது 175. அங்கே இடைவெளி இருந்தது. எல்லாக் கார்களிலும் அந்த இடைவெளி இருக்கும் என்று எந்தச் சாமியும் சத்தியம் பண்ணவில்லை. வாரன்ட்டி இருக்கும்போது ட்யூன் பண்ணிவிட்டு, சர்வீஸுக்கு விடும் முன் பழையபடி மாற்றிவிடலாம் என்பார்கள். பல கார்களில் எத்தனை தடவை மாற்றி எழுதினார்கள் என்பதையே ஈ.ஸி.யூ. குறித்து வைத்துக்கொள்ளும். மாமியார் மாதிரி. சொல்லாது, ஆனால் மறக்காது.

முன்குழாயை மாற்றும்போது சிலர் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையே கழற்றி எறிகிறார்கள். நான் கறாராக நிற்கும் இடம் இது ஒன்றுதான். அதற்குள் தேன்கூடு மாதிரி ஒரு கட்டி. அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. கார்பன் மோனாக்ஸைடையும் எரியாத பெட்ரோலையும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளையும் பெருமளவு சாதுவாக மாற்றி அனுப்பும் வேலை அதற்கு. அதைக் கழற்றிவிட்டுத் தறிக்கூடத் தெருவில் போனால், நம் அரை விநாடி வேகத்துக்குப் பாவு ஓட்டுகிறவர் நுரையீரல் பில் கட்டுகிறது. பி.எஸ்-6 கார்களில் அதற்குப் பின்னால் ஒரு சென்ஸார் காவல் இருக்கிறது. உடனே விளக்கு எரியும்.

சட்டம்? மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு; கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை அழுத்திச் சொன்னது. அதே வருஷத்துத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஆறு மாதம் வரை ஜெயில் அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். சத்தம், புகை வரம்பை மீறினால் முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை ஜெயில் அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்று மாதம் லைசென்ஸும் கிடையாது. மாற்றிய விஷயத்தைச் சொல்லாமல் விட்டு, நாளைக்கு ஒரு விபத்து என்றால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் குனிந்து பார்ப்பது வண்டிக்கு அடியில்தான்.

இன்னொன்று, கடையில் யாரும் சொல்லாதது. மூன்று சிலிண்டர் இன்ஜின் 2,400 சுற்றில் ஓடும்போது விநாடிக்கு 60 தடவை வெடிக்கிறது. நெடுஞ்சாலையில் சீராகப் போகும்போது அநேகமாக அந்தப் பக்கம்தான் ஓடிக்கொண்டிருக்கும். டப்பாவை மாற்றிய காருக்குள் இந்த அறுபது, நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஒத்து ஊதுவது போல, 'ம்ம்ம்ம்' என்று நிற்காமல் கேட்கும். கடைத் தெருவில் மூன்று நிமிஷம் கம்பீரம். சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலி போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல். பின்சீட்டில் அம்மா இருந்தால், பனவடலிசத்திரம் வருவதற்குள் தலைவலித் தைலம் கேட்பார்.

தம்பியிடம் நான் சொன்ன ஏற்பாடு இது. தவணையும் வாரன்ட்டியும் முடியும்வரை குழாயும் வேண்டாம், லேப்டாப்பும் வேண்டாம். ஐம்பதாயிரத்தில் முதலில் நாலு நல்ல டயர். கம்பெனி கொடுத்த டயர் எங்கே வழுக்கும் என்று மழைக்காலத்தில் புளியங்குடி ரோட்டில் அவருக்கே தெரிந்திருக்கும். ஏர் ஃபில்ட்டர், ஸ்பார்க் ப்ளக் நேரத்துக்கு மாற்றுவது. இன்ஜின் ஆயில் டப்பாவில் 'எஸ்.பி.' என்ற தரக் குறி இருக்கிறதா என்று பார்ப்பது. 2020இல் வந்த இந்தத் தரம், மேலே சொன்ன முரட்டு அண்ணனையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. மிச்சத்தைத் தவணையில் கட்டுவது. அதற்குப் பிறகும் ஆசை தீராவிட்டால், மாற்றுவதற்கு முன்னும் பின்னும் டைனோ மெஷினில் ஏற்றி அளந்து, காகிதத்தில் எழுதிக் கொடுக்கிற இடமாகப் பார்த்து ட்யூனுக்குப் போகலாம். பின்டப்பாவுக்குக் கடைசி இடம். சித்திரை வெயில் 40 டிகிரியிலிருந்து ஆடிக் காற்றின் 25 டிகிரிக்கு வந்தால் காற்றின் அடர்த்தியே 5 சதவீதம் கூடுகிறது. டர்போவுக்கு அதைவிடப் பிடித்த டானிக் கிடையாது; செலவும் இல்லை. சத்தமும் வராது என்பதுதான் தம்பிக்குக் குறை.

டர்போ கார் ஏன் இத்தனை அமைதி என்றால், புகையின் படபடப்பை அந்தப் பம்பரச் சக்கரமே நறுக்கிப் பொடியாக்கிவிடுகிறது. இது பெரிய கம்பெனிகளுக்கே மனக்குறைதான். கோடிக்கணக்கில் விலையுள்ள பி.எம்.டபிள்யூ. எம்-5, 2011இல் டர்போவுக்கு மாறியபோது, இன்ஜின் சத்தத்தைக் காருக்குள் இருக்கும் ஸ்பீக்கரில் கூட்டிக் கொடுத்தார்கள். ஃபோர்டு மஸ்டாங்கின் நாலு சிலிண்டர் டர்போவிலும் இதே தந்திரம். பாட்டு கேட்கும் ஸ்பீக்கரில் இன்ஜின் உறுமும். ஓட்டுகிறவருக்குப் புல்லரிக்கும். தெருவில் நிற்கிற ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஆசாமிக்கு ஒன்றுமே கேட்காது.